கிராஸ்லிங்கிங்குக்குப் பிறகு கருவிழித் தடிமன்: அளப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயிற்சிக்கு வந்திருக்கும் ஆப்டோமெட்ரி மாணவி ஒருவர் சென்ற வாரம் கெரட்டோகோனஸ் (கருவிழி மெலிந்து கூம்புபோல் முன்தள்ளும் நோய்) முற்றாமலிருக்க கிராஸ்லிங்கிங் சிகிச்சை பெற்ற ஒருவரின் அறிக்கை ஓரத்தில் "மெலிவு கூடியுள்ளது" என்று எழுதியிருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் நானும் அதையேதான் எழுதினேன். தாடையைச் சரியாக வைப்பது, இமைக்காமல் பார்க்கச் சொல்வது போன்றவை தாமே பழகிவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

மூன்றாம் மாத எண்ணைக் கண்டு நோய் முற்றியதாகச் சொல்வது

என்னை இன்றும் உறுத்தும் தவறு இதுதான். சிகிச்சைக்கு முன் மிக மெல்லிய இடத்தில் 452 மைக்ரான் இருந்த கல்லூரி மாணவர் ஒருவருக்கு, மூன்றாம் மாதம், ஒளியால் படமெடுத்து அளக்கும் ஷெய்ம்ப்ஃப்ளக் கருவி 409 என்று காட்டியது. கிராஸ்லிங்கிங்கின் வழக்கமான செய்முறையான டிரெஸ்டன் முறையில் மேற்படலத்தை நீக்கிய பின்னும் 400 மைக்ரான் இருக்க வேண்டும் என்ற வரம்பு மனத்தில் ஊறியிருந்ததால், அந்த எண்ணைக் கண்டு பதறி, கூம்பு மேலும் மெலிகிறது என்று அவருடைய தந்தையிடம் சொல்லிவிட்டேன். கருவிழி மாற்ற வேண்டி வருமா என்று அவர் கேட்டபோது அவர் கையிலிருந்த கோப்பு நடுங்கியது.

மருத்துவர் ஸ்லிட் லாம்ப்பில் (ஒளிக்கீற்றைப் பாய்ச்சிக் கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்த்தபோது, கருவிழியின் முன்பகுதியில் புகை படிந்ததுபோல் மங்கல் இருந்தது. அதே இடத்தில் ஒலியலைக் கருவியின் முனையை வைத்து அளந்ததில் 438 வந்தது. கூம்பின் உச்ச வளைவும் ஏறியிருக்கவில்லை.

கிராஸ்லிங்கிங்கில் ரைபோஃபிளேவினும் புற ஊதாக் கதிரும் கருவிழியின் கொலாஜன் இழைகளைப் பிணைத்த பின், முதல் சில மாதங்களில் கருவிழி உண்மையாகவே சற்று மெலிந்து, பெரும்பாலும் ஓராண்டுக்குள் மீள்கிறது. மங்கல் மிகுந்திருப்பதும் ஏறக்குறைய இதே காலத்தில்தான் என்பதால், அதில் ஒளி சிதறி, ஒளியால் அளக்கும் கருவி பின்புற எல்லையைப் பிழையாகக் கணித்து, உள்ளதைவிடக் குறைத்துக் காட்டுகிறது. ஸ்லிட் லாம்ப்பில் பார்க்காமல், உச்ச வளைவை முந்தைய படத்தோடு ஒப்பிடாமல், தடிமனை மட்டும் வைத்து நோயாளியிடம் எதையும் சொல்லாதீர்கள்.

ஒரு கருவியின் எண்ணிலிருந்து மற்றொன்றின் எண்ணைக் கழிப்பது

முன்பு அளந்த கருவியிலேயே அளக்க வேண்டும். கெரட்டோகோனஸில் மிக மெல்லிய இடம் பெரும்பாலும் மையத்துக்குக் கீழே, காதுப் பக்கமாக இருப்பதால், ஒலியலை முனையை நடுவில் வைத்தவர் வேறோர் இடத்தையே அளந்திருக்கிறார்.

கடின லென்ஸைக் கழற்றிய அன்றே அளப்பது

வேண்டாம், மற்றொரு நாள் வரச் சொல்லுங்கள்.

மரத்துப்போகும் சொட்டு மருந்தை முதலில் இடுவது

ஒளிப்படத்தை எடுத்து முடித்த பிறகே சொட்டு மருந்து, அதன் பிறகே ஒலியலை முனை.