எலி, பெருச்சாளி கிட்ட இருந்து தோட்டத்துப் பழத்த காப்பாத்துறது எப்படி?

காயா இருக்குற வரைக்கும் ஒண்ணும் ஆகாது, நாளைக்குப் பறிச்சுக்கலாம்னு விட்ட அன்னிக்கு ராத்திரிதான் வந்து கடிச்சிட்டுப் போயிருக்கும். முழுசா தின்னாலாவது பரவால்ல, இதுல ரெண்டு வாய் அதுல ரெண்டு வாய்னு நாலஞ்சு பழத்த ஒரே ராத்திரில பாழாக்கிடும். என்ன மருந்து வைக்கலாம், என்ன ஸ்ப்ரே அடிக்கலாம்னுதான் நெறைய பேர் கேக்குறாங்க, என்னக் கேட்டா மொதல்ல கம்பி வலைக்கு செலவு பண்ணுங்க, மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம் பாத்துக்கலாம்.

அதுக்கு முன்னாடி யாரு திங்குறாங்கன்னு தெரிஞ்சுக்கணும். கடிபட்ட பழத்த கையில எடுத்து வெளிச்சத்துல பாருங்க, சதையில பக்கத்துப் பக்கத்துல ரெண்டு ரெண்டா சின்ன கோடு ஓடுனா அது எலியோட முன்பல்லு தடம். கொத்தி எடுத்த மாதிரி குழியா இருந்தா பறவை. சாயங்காலம் நல்லா இருந்தது காலைல போச்சுன்னா ராத்திரி வர்ற ஆளு, பகல்லயே போகுதுன்னா அணிலாவோ பறவையாவோ இருக்கும், அதுக்கு மண்ணுக்குள்ள வலை புதைச்சு பிரயோஜனம் இல்ல.

அப்புறம் வளை எங்க இருக்குன்னு தேடுங்க. வரப்பு ஓரம், சுவர் ஓரம், கல்லு குவிச்ச இடம், கம்போஸ்ட் பக்கத்துல, புல்லு மண்டிக் கெடக்குற எடம், இங்கதான் அனேகமா இருக்கும். பெருச்சாளி வளைன்னா வாய் பெருசா இருக்கும், வாசல்ல புது மண்ணு குவிஞ்சு கெடக்கும், சில சமயம் மண்ணாலயே அடைச்சும் வச்சிருக்கும். கண்ணுல பட்ட எல்லா வளையையும் சாயங்காலம் மண்ணு போட்டு லேசா மூடிடுங்க, காலைல எது தெறந்திருக்கோ அதுலதான் ஆள் இருக்கு. கைய மட்டும் உள்ள விடவே விடாதீங்க, எலி வளைல பாம்பு இருக்குறது ரொம்ப சகஜம். இன்னொண்ணு, மூக்கு நீளமா கூரா இருக்கும், கீச்கீச்னு கத்திக்கிட்டே ஓடும், ஒரு வாடை அடிக்கும், அது மூஞ்சூறு. அதோட முக்கியமான சாப்பாடே பூச்சி புழுதான், எலின்னு நெனச்சு அடிச்சிடாதீங்க.

இப்ப வலைக்கு வருவோம். கோழிக்கூண்டுக்குப் போடுற அறுகோண வலை இதுக்கு ஒத்து வராது, கண்ணு பெருசு, கம்பியும் மெல்லிசு. பிளாஸ்டிக், நைலான் வலைய எலி ஒரே ராத்திரில கடிச்சுப் போட்டுடும், அது மட்டுமில்ல, மெல்லிசு நைலான் வலைல பாம்பும் பறவையும் மாட்டிக்கிட்டு சாகுது, அத தரையோட போடவே போடாதீங்க. வேணுங்கறது துத்தநாகம் பூசுன வெல்டு மெஷ், அதாவது குறுக்கும் நெடுக்குமா போற கம்பிய சேர்ற எடத்துல பத்த வச்ச வலை. வளந்த எலி, பெருச்சாளிக்கு அரை இஞ்ச் கண்ணு போதும், சுண்டெலியும் வருதுன்னா கால் இஞ்ச்தான், ஏன்னா 6 மிமீ சந்து கெடச்சா அது நுழைஞ்சிடும், ஒரு பென்சில் போற ஓட்டைன்னு வச்சுக்குங்களேன்.

பாத்திய சுத்தி 1 அடி ஆழத்துக்கு பள்ளம் தோண்டுங்க. வலைய நேரா இறக்கி, அடில ஒரு அரை அடி முதல் 1 அடி வரைக்கும் வெளிப்பக்கமா மடிச்சு எல் மாதிரி படுக்க வச்சு, மேல மண்ண தள்ளி நல்லா மிதிச்சு விடுங்க. இந்த மடிப்புதான் முக்கியம், ஏன்னா எலி வலைக்கு ஒட்டுனாப்ல தோண்ட ஆரம்பிக்கும், கீழ போனா மறுபடியும் கம்பி தட்டும், பின்னாடி தள்ளிப்போய் தோண்டணும்னு அதுக்குத் தோணாது. ரெண்டு வலை சேர்ற எடத்துல ஒரு கை அகலம் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு கட்டுக்கம்பியால நெருக்கமா கட்டுங்க, அங்கதான் எல்லாரும் கோட்டை விடுறாங்க. புதுசா மேட்டுப்பாத்தி போடப்போறீங்கன்னா இவ்ளோ தோண்டவே வேணாம், மண்ணு கொட்டுறதுக்கு முன்னாடியே அடில முழுசா வலைய விரிச்சு ஓரத்த பலகையோட சேத்து அடிச்சிடுங்க.

எலி நல்லா ஏறும், குதிக்கவும் செய்யும், அதனால சுத்தி மட்டும் கட்டி மேல தெறந்து விட்டா பாதி வேலைதான். ஸ்ட்ராபெர்ரி மாதிரி குட்டைச் செடிக்கு மேலயும் மூடி போட்ட கூண்டு செஞ்சிடலாம். பூ விடுற சமயத்துல பகல்ல மூடிய தெறந்து வைங்க, தேனீ வந்தாதான் காய் பிடிக்கும், இருட்டுறதுக்கு முன்னாடி மறக்காம மூடிடணும். முலாம்பழம், தர்பூசணி தரைல கெடந்தா ஒவ்வொரு காய்க்கும் தனியா ஒரு வெல்டு மெஷ் கூண்டு கவுத்து, நாலு பக்கமும் கம்பிய வளைச்சு மண்ணுல குத்தி விடுங்க.

மரம்னா வேற கதை. அடிமரத்த சுத்தி ஒன்றரை அடி அகலத்துக்கு வழவழப்பான தகரம், தரைலேந்து 2, 3 அடி உயரத்துல, மரம் பெருக்கப் பெருக்க தளர்த்தி விடுற மாதிரி கட்டணும், இறுக்கிக் கட்டுனா மரத்துக்கே கெடுதல். பக்கத்து சுவர், வேலி, இன்னொரு மரத்தோட கிளை தொட்டுக்கிட்டிருந்தா தகரம் இருந்தும் வீண், கிளைய 4 அடியாவது தள்ளி வெட்டி விடுங்க. இளங்கன்னுக்கு மூடாக்கு (மண்ண மூடுற காஞ்ச இலை, வைக்கோல்) போடும்போது தண்டுல இருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்க, இல்லன்னா மூடாக்குக்கு அடில ஒளிஞ்சு உக்காந்து பட்டைய சுத்தி கொறிச்சிடும், சுத்தி முழுக்க பட்டை போச்சுன்னா கன்னு செத்துடும்.

உதிர்ந்த பழத்த தெனமும் இருட்டுறதுக்குள்ள பொறுக்கிடுங்க. சாப்பாடு கெடக்குற வரைக்கும் எந்த வேலியும் பத்தாது. தக்காளி, கொய்யா, பப்பாளி எல்லாம் நெறம் மாற ஆரம்பிச்ச உடனே பறிச்சு வீட்ல பழுக்க வச்சுக்கலாம். ஸ்ட்ராபெர்ரி, தர்பூசணி, மாதுளை, திராட்சை பறிச்சப்புறம் பழுக்காது, அதனால வலை, கூண்டு எல்லாத்தையும் மொதல்ல இதுக்குக் குடுங்க. கடிபட்ட பழத்த வெட்டி மிச்சத்த சாப்பிடலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, எலி மூத்திரத்துல இருந்து லெப்டோஸ்பைரோசிஸ்ங்கற எலிக்காய்ச்சல் வரும், வளை மூடும்போதும் கையுறை போட்டுக்கோங்க.

பொறி வைக்கலாம், ஆனா எலிக்கு புதுசா எதப் பாத்தாலும் பயம், அதனால மொத சில நாள் பொறிய மாட்டாம தீனி மட்டும் வச்சுப் பழக்கி, அப்புறம் மாட்டுங்க. சுவர ஒட்டி ஓடுற பாதைல வைக்கணும், நடுத் தோட்டத்துல வச்சா சிக்காது. மிளகாத்தூள், வாசன எண்ணெய் எல்லாம் ஒரு மழைக்கு தாங்காது. அந்துருண்டைய மண்ணுல போடாதீங்க, அது விஷம். எலி மருந்து வேணவே வேணாம்னு கெஞ்சிக் கேட்டுக்குறேன், மருந்து தின்ன எலிய ஆந்தை, பூனை, நாய் தின்னா அதுங்களுக்கும் ஆபத்து, ராத்திரி முழுக்க எலி புடிச்சுத் தர்ற ஆந்தையவே நாம கொன்ன மாதிரி ஆயிடும்.

வலை போட்டாச்சுன்னு விட்டுடாம, மழை பெஞ்சு மண்ணு இறங்குன பிறகு ஓரத்த ஒரு சுத்து சுத்தி வாங்க. புது மண்ணு எங்கயாவது தெரிஞ்சா அன்னிக்கே அந்த எடத்துல இன்னொரு துண்டு வலை புதைச்சிடுங்க.