பெங்களூர்ல பிள்ளைய என்.சி.சி.ல சேக்கணுமா? யார்கிட்ட போய் எத கேக்கணும்னு ஒரு கணக்கு

அல்சூர், மர்ஃபி டவுன், விவேக் நகர், ஸ்ரீராம்புரம் பக்கம் நம்ம ஆளுங்க வீட்ல காலேஜ் அட்மிஷன் சீசன் வந்தா போதும், "என்.சி.சி.ல சேக்கணும், ஆபீஸ் எங்க இருக்கு"ன்னு ஆரம்பிச்சிடுவாங்க. பக்கத்துலயே எம்.இ.ஜி. (மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்) சென்டர், அதாவது ஆர்மியோட இன்ஜினியர் படை, மெட்ராஸ் சாப்பர்ஸ், தம்பிங்கன்னு பேர் வாங்கின படை, யாராவது ஒரு பெரியப்பாவோ மாமாவோ அங்க சர்வீஸ் போட்டிருப்பாரு, அதனால அவர் ஒரு வார்த்தை சொன்னா வேலை முடிஞ்சிடும்னு ஒரு நெனப்பு வேற. முடியாதுங்க. எம்.இ.ஜி. ரெகுலர் ஆர்மி, என்.சி.சி. (நேஷனல் கேடெட் கார்ப்ஸ், படிக்கற பசங்களுக்கான பயிற்சிப் படை) வேற. அதோட, எந்த ஆபீஸுக்கு நேரா போனாலும் அங்க பொதுவா யாரையும் கேடெட்டா சேக்க மாட்டாங்க. பிள்ள படிக்கற ஸ்கூல்லயோ காலேஜ்லயோ யூனிட் இருந்தாதான் வழக்கமா சேர முடியும். இத மொதல்ல மண்டைல ஏத்திக்கிட்டா பாதி அலைச்சல் மிச்சம்.

மேல இருக்கற படிய சீக்கிரமா சொல்லிடறேன், ஏன்னா அதுல உங்களுக்கு வேல ஒண்ணும் இல்ல. என்.சி.சி. 1948ல பார்லிமென்ட் சட்டம் போட்டு ஆரம்பிச்சது, டிஃபென்ஸ் மினிஸ்ட்ரிக்கு கீழ வருது, டெல்லில லெஃப்டினன்ட் ஜெனரல் ரேங்க்ல டைரக்டர் ஜெனரல் உக்காந்திருப்பாரு. நாடு பூரா 17 டைரக்டரேட். நம்மளது கர்நாடகா அண்ட் கோவா டைரக்டரேட், தலைமை பெங்களூர்லயே. இதுல ஒரு குழப்பம் அடிக்கடி வரும், வீடு ஓசூர்ல, காலேஜ் எலக்ட்ரானிக் சிட்டி பக்கம், அப்ப எந்த டைரக்டரேட்? காலேஜ் எங்க இருக்கோ அதான் கணக்கு, கர்நாடகா. ஓசூர்லயே படிக்கற பையன் தமிழ்நாடு, புதுச்சேரி, அந்தமான் டைரக்டரேட்ல வருவான். வீட்டு அட்ரஸ், தாய்மொழி, ஆதார் எந்த ஊருன்னு யாரும் பாக்கறதில்ல.

டைரக்டரேட்டுக்கு கீழ குரூப் ஹெட்குவார்ட்டர்ஸ், பெங்களூருக்கு மட்டும் ஏ, பி-ன்னு ரெண்டு. பிரிகேடியரோ கர்னலோ, இல்ல நேவி, ஏர் ஃபோர்ஸ்ல அதுக்கு சமமான ரேங்க்ல ஒருத்தரோ அங்க குரூப் கமாண்டர். அதுக்கும் கீழதான் பட்டாலியன். ஆர்மி விங்னா பட்டாலியன்னு பேரு, ஏர் விங்னா ஸ்குவாட்ரன், ஜக்கூர் ஏரோட்ரோம்ல இருக்கே அது மாதிரி, நேவல் விங்னா யூனிட். ஒரு பட்டாலியனுக்கு கீழ ஊர் பூரா செதறி கிடக்கற பல ஸ்கூல், பல காலேஜ் வரும், அதனால உங்க ஏரியா பட்டாலியன்னு ஒண்ணு தேடிப் போகாதீங்க. பக்கத்து பக்கத்து காலேஜ் ரெண்டும் வேற வேற பட்டாலியனா இருக்கறது ரொம்ப சகஜம்.

பட்டாலியன் ஆபீஸ்ல யார் யார் இருப்பாங்கன்னு தெரிஞ்சு வெச்சிக்கறது நல்லது. மேல சி.ஓ. (கமாண்டிங் ஆபீசர்), கர்னல் இல்ல லெஃப்டினன்ட் கர்னல், ரெகுலர் ஆர்மி. அவருக்கு கீழ சுபேதார் மேஜர், அப்பறம் பி.ஐ. ஸ்டாஃப், அதாவது படைல இருந்து சில வருஷத்துக்கு போஸ்டிங்ல வந்திருக்கற ஜே.சி.ஓ. (ஜூனியர் கமிஷன்ட் ஆபீசர்), ஹவில்தாருங்க. பசங்க அவங்கள உஸ்தாத்னு கூப்பிடுவாங்க, டிரில், ரைஃபிள், மேப் ரீடிங் எல்லாம் சொல்லித் தர்றது அவங்கதான். இந்தப் பக்கம் டேபிள்ல ஃபைலோட உக்காந்திருக்கற கிளார்க் மாநில அரசு ஆளு. ஏன் இப்படி ரெண்டு கலர்னா, என்.சி.சி. செலவ மத்திய அரசும் மாநில அரசும் பங்கு போட்டுக்குது. ரைஃபிள், யூனிஃபார்ம், உஸ்தாத் சம்பளம் எல்லாம் மத்திய அரசு, ஆபீஸ் ஸ்டாஃப், பரேடு முடிஞ்சா குடுக்கற ரிஃப்ரெஷ்மென்ட் மாதிரி சமாச்சாரம் மாநில அரசு. அதனால ஆபீஸுக்கு போற நெலம வந்தா கிளார்க்குகிட்ட கன்னடத்துல பேசுங்க, உஸ்தாத்கிட்ட ஹிந்தில, அவர் எம்.இ.ஜி.ல இருந்தோ மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்தோ வந்தவரா இருந்தா தமிழ்லயே பேசலாம், அது உங்க அதிர்ஷ்டம்.

இப்ப முக்கியமான ஆளுக்கு வரேன். ஏ.என்.ஓ., அதாவது அசோசியேட் என்.சி.சி. ஆபீசர். காலேஜ்ல கெமிஸ்ட்ரியோ காமர்ஸோ எடுக்கற லெக்சரர்தான், ஆனா என்.சி.சி. கமிஷன் வாங்கியிருப்பாரு. ஆம்பளைங்கன்னா நாக்பூர் பக்கம் காம்ப்டில, பொம்பளைங்கன்னா குவாலியர்ல டிரெயினிங். காலேஜ் ஏ.என்.ஓ.வுக்கு லெஃப்டினன்ட், கேப்டன், மேஜர்னு ரேங்க், ஸ்கூல்ல இருக்கறவங்களுக்கு தேர்ட் ஆபீசர்ல ஆரம்பிச்சு சீஃப் ஆபீசர் வரைக்கும். டிரெயினிங் போகாம தற்காலிகமா பாத்துக்கறவர் இருந்தா அவர் கேர்டேக்கர், சி.டி.ஓ.ன்னு சொல்லுவாங்க. என் அபிப்ராயம் என்னன்னா, என்.சி.சி. நல்லா நடக்குதா இல்லையாங்கறது பட்டாலியன் கைலயும் இல்ல, டைரக்டரேட் கைலயும் இல்ல, இந்த ஒரு ஆள் கைலதான். பரேடு லீவ் வாங்கிக் குடுக்கறது, அட்டென்டன்ஸ்ல டிபார்ட்மென்ட்டோட சண்டை போடறது, கேம்ப்புக்கு பேரு அனுப்பறது எல்லாம் இவர்தான். எனக்குத் தெரிஞ்ச ஒரு காலேஜ்ல நல்ல மேடம் ஒருத்தங்க ரிட்டையர் ஆனாங்க, அடுத்து யாரும் டிரெயினிங் போக ஒத்துக்கல, நல்லா நடந்துட்டிருந்த என்.சி.சி. கம்பெனி (அந்த காலேஜ் கேடெட்டுங்க குரூப்) ரெண்டே பேட்ச்ல ஒண்ணுமில்லாம போச்சு.

அதனால அட்மிஷனுக்கு முன்னாடி காலேஜுக்கு போனா "என்.சி.சி. இருக்கா"ன்னு மட்டும் கேட்டுட்டு வராதீங்க, எல்லாரும் இருக்குன்னுதான் சொல்லுவாங்க. எந்த விங், எந்த பட்டாலியன், ஏ.என்.ஓ. யாரு, கமிஷன் ஆனவரா கேர்டேக்கரா, ஃபர்ஸ்ட் இயர்க்கு இந்த வருஷம் எத்தன வேக்கன்சி, பொண்ணுங்களுக்கு எத்தன, இத கேளுங்க. ஒரு முழு கம்பெனின்னா வழக்கமா 160 கேடெட், ஆனா அது மூணு வருஷத்து பசங்களும் சேந்த கணக்கு, அதனால புதுசா எடுக்கறது அதுல மூணுல ஒரு பங்குதான் வரும். நெறைய காலேஜ்ல முழு கம்பெனியே கிடையாது, கம்பெனில ஒரு பகுதியான பிளட்டூன்தான், அப்ப இன்னும் கம்மி. ஒரு சீட்டுக்கு நாலஞ்சு பேரு நிப்பாங்க.

செலக்ஷன் பெரும்பாலும் காலேஜ் தொறந்த சில வாரத்துக்குள்ள முடிஞ்சிடும், நோட்டீஸ் போர்டு பாக்காம விட்டா அந்த வருஷம் போச்சு. ஹைட் பாப்பாங்க, ஓட விடுவாங்க, புஷ் அப் எடுக்கச் சொல்லுவாங்க, சில எடத்துல சின்னதா ஒரு ரிட்டன் டெஸ்ட், ஏன் சேரணும்னு ரெண்டு கேள்வி. பட்டாலியன்ல இருந்து உஸ்தாத் ஒருத்தர் வந்து நிப்பாரு. ஆதார், போட்டோ, மெடிக்கல் ஃபிட்னஸ், அப்பா அம்மா கையெழுத்து, அப்பறம் பையன் பேர்லயே பேங்க் அக்கவுண்ட், இதெல்லாம் ரெடியா வெச்சிக்கோங்க. அப்பா அக்கவுண்ட் நம்பர குடுத்துட்டு யூனிஃபார்ம் காசு வரலன்னு கெடந்து முழிக்கறவங்க உண்டு.

சேந்ததும் ஒரு ரெஜிமென்டல் நம்பர் வரும். மாநிலக் குறி, சேந்த வருஷம், டிவிஷன், விங், கடைசில உங்க நம்பர், எல்லாம் ஒரே சரமா இருக்கும். கேம்ப், பரீட்சை, சர்டிஃபிகேட் எல்லாத்துக்கும் அதான் ஆதாரம். பேரு ஸ்பெல்லிங் எஸ்.எஸ்.எல்.சி. மார்க்ஸ் கார்டுல இருக்கற மாதிரியே இருக்கான்னு அன்னிக்கே பாத்துடுங்க. நம்ம பிரச்சன தெரியும்ல, இனிஷியல் முன்னாடி போடறதா பின்னாடி போடறதா, அப்பா பேரு சர்நேமா ஏறிடுச்சான்னு, இதுல மாட்டினா அப்பறம் திருத்தறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்.

எப்ப சேக்கறதுங்கறதும் கேக்கறாங்க. ஸ்கூல்ல ஜூனியர் டிவிஷன், பொண்ணுங்கன்னா ஜூனியர் விங், ரெண்டு வருஷம், முடிச்சா ஏ சர்டிஃபிகேட். எட்டாவதுலயே பிடிச்சாதான் பத்தாவது டென்ஷன் வர்றதுக்குள்ள முடியும். பி.யூ.சி.யும் டிகிரியும் சீனியர் டிவிஷன், ரெண்டாவது வருஷம் பி, மூணாவது வருஷம் சி. ஆர்மி கனவு இருக்கற பிள்ளைக்கு சி-தான் முக்கியம், பி கிரேடாவது எடுத்து டிகிரில 50 பர்சென்ட் இருந்தா என்.சி.சி. ஸ்பெஷல் என்ட்ரில ரிட்டன் எக்ஸாம் இல்லாம எஸ்.எஸ்.பி.க்கு (ஆபீசர் செலக்ஷன் இன்டர்வியூ) கூப்பிட வாய்ப்பு இருக்கு, பெங்களூர்லயே எஸ்.எஸ்.பி. சென்டர் இருக்கு. டிகிரில ரெண்டாவது வருஷம் யோசிச்சு சேந்தா சி-க்கு வேண்டிய மூணு வருஷம் கிடைக்காது, அதனால ஃபர்ஸ்ட் இயர்லயே சேத்துடுங்க. என்.சி.சி.ல சேந்தா கண்டிப்பா ஆர்மிக்கு போகணுமான்னு பயப்படற அம்மாக்களுக்கு, அப்படி எந்த கட்டாயமும் கிடையாது.

உள்ள போனதும் பசங்களுக்குள்ளயே ஒரு படி இருக்கு. லான்ஸ் கார்ப்பரல், கார்ப்பரல், சார்ஜென்ட், ஸ்டோர் பாத்துக்கற சி.கியூ.எம்.எஸ்., டிசிப்ளின் பாத்துக்கற சி.எஸ்.எம்., அதுக்கு மேல ஜூனியர் அண்டர் ஆபீசர், எல்லாருக்கும் மேல சீனியர் அண்டர் ஆபீசர், அதாவது எஸ்.யூ.ஓ. தெனசரி நடைமுறைல பிள்ளைக்கு பாஸ் எஸ்.யூ.ஓ.தான். பரேடு அன்னிக்கு காலைல ஆறு மணிக்கு பெரே கேப் மடிப்பு சரியில்லன்னு, தொப்பில குத்தற செகப்பு ஹேக்கிள் இறகு சாஞ்சிருக்குன்னு, பெல்ட் பித்தள மங்கலா இருக்குன்னு கிரவுண்ட்ட ஓட விடறது அந்த தேர்ட் இயர் பையன்தான். பித்தள தேய்க்கற பிராஸோ ஒரு டப்பா, செருப்புக் கடைல விக்கற கருப்பு பாலிஷ், பழைய காட்டன் துணி, இது மூணும் வெள்ளிக்கிழம ராத்திரியே வேணும். சாவ்தான், விஸ்ராம், தாஹினே முட் மாதிரி டிரில் கமாண்ட் எல்லாம் ஹிந்திலதான், மொத மாசம் பாதிப் பேரு தப்பான பக்கம் திரும்புவாங்க, அது தன்னால சரியாயிடும்.

பிரச்சன வந்தா யார்கிட்ட போறது? யூனிஃபார்ம் சைஸ், பூட்ஸ் கடிக்குதுன்னா சி.கியூ.எம்.எஸ். டியூட்டி, சீனியர் தொல்லைன்னா எஸ்.யூ.ஓ., அவனே தொல்லைன்னா நேரா ஏ.என்.ஓ. லீவ், அட்டென்டன்ஸ், கேம்ப் பேரு எல்லாம் ஏ.என்.ஓ. அவர்கிட்ட எழுத்துல குடுத்தும் நடக்கலன்னா பிரின்சிபால் மூலமா சி.ஓ.வுக்கு லெட்டர். நேரா குரூப்புக்கோ டைரக்டரேட்டுக்கோ எழுதினா அது சுத்தி திரும்ப அதே பட்டாலியன் டேபிளுக்குத்தான் வரும், நடுவுல மாசம்தான் போகும். ஆனா அடி, ராகிங், பொண்ணுங்க பாதுகாப்பு மாதிரி விஷயம்னா இந்த படி வரிச எதையும் பாக்காதீங்க, அன்னிக்கே பிரின்சிபால், அன்னிக்கே சி.ஓ., தேவப்பட்டா போலீஸ்.

பரேடு அட்டென்டன்ஸ் 75 பர்சென்ட் இல்லன்னா பரீட்சைக்கே விட மாட்டாங்க. கேம்ப்பும் கட்டாயம், ஏ-க்கும் பி-க்கும் ஒண்ணு, சி-க்கு ரெண்டு. பத்து நாள் கேம்ப், சாப்பாடு தங்கல் அவங்க செலவு. செமஸ்டர் எக்ஸாமோட மோதுற தேதியா இருந்தா பேரு குடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடணும், பேரு போனப்பறம் வரலன்னா ஏ.என்.ஓ.வுக்கு கெட்ட பேரு, அடுத்த தடவ உங்க பிள்ளை பேர எழுத அவரு யோசிப்பாரு. ரிபப்ளிக் டே கேம்ப்புக்கு டெல்லி போகணும்னா பட்டாலியன், குரூப், டைரக்டரேட்னு படிப்படியா செலக்ஷன் கேம்ப், அது பல மாச வேல, ஒரு செமஸ்டர் பாதி போயிடும்னு தெரிஞ்சே இறங்கணும். போக முடியாதவங்களுக்கு நம்ம எம்.ஜி. ரோடு மானெக்ஷா கிரவுண்ட்ல நடக்கற ஜனவரி 26 பரேடு இருக்கு, அதுக்கும் போட்டிதான்.

கேம்ப் முடிஞ்சதும் குடுக்கற சர்டிஃபிகேட்ட உடனே ஸ்கேன் பண்ணி வெச்சிடுங்க. பி, சி சர்டிஃபிகேட் பரீட்சை முடிஞ்சு கைக்கு வர மாசக்கணக்குல ஆகும், வீட்டுக்கு போஸ்ட்ல வராது, காலேஜ் என்.சி.சி. ரூம் பீரோவுக்குத்தான் வரும். டி.சி. வாங்கிட்டு வேலைக்கு போயிட்ட பசங்களோடது அங்கயே வருஷக்கணக்கா தூங்குது, அதனால கெளம்பறதுக்கு முன்னாடி ஏ.என்.ஓ. நம்பரையும் அடுத்த வருஷத்து எஸ்.யூ.ஓ. நம்பரையும் வாங்கி வெச்சிக்கிட்டு மாசத்துக்கு ஒரு தடவ கேட்டுட்டே இருங்க.