மாங்காய்த் தோலில் கறுப்புக் கோடு: எனக்குக் கைகொடுத்த வழி

கோடையில் தோட்டத்து மாங்காயைப் பறித்து வைத்தால், ஓரிரு நாளில் தோலில் கறுப்புக் கோடுகள் ஓடிவிடும். உள்ளே சதை நன்றாகத்தான் இருக்கும். ஆனால் பழுக்கும்போது அழுகல் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் தொடங்கும்.

எல்லாம் காம்புப் பால் செய்கிற வேலை. காம்பு அடியோடு ஒடிந்ததும் பீறிட்டு வருகிறதே, அதுதான் தோலைச் சுடுகிறது. அப்புறம் மெதுவாகக் கசிவதில் அவ்வளவு காரம் இல்லை.

இப்போது உலுக்குவதே கிடையாது. வலை கட்டிய தொரட்டியால், காம்பு நாலு விரல் நீளம் இருக்கும்படி அறுக்கிறேன். நீளக் காம்போடு இருக்கும்வரை பால் அதிகம் வராது. நிழலுக்குக் கொண்டுவந்து, காயைத் தலைகீழாகப் பிடித்து, காம்பை 1 சென்டிமீட்டர் விட்டு நறுக்க வேண்டும். பால் பளிச்சென்று தெறித்து நேராகத் தரையில் விழும். பிறகு அதே நிலையில் கம்பி வலைமேல் அரை மணி நேரம் அடுக்கி வைத்தால் மிச்சமும் வடிந்துவிடும். கொஞ்சம் பொறுமை தேவைப்படுகிற வேலைதான். சிறுவர்களிடம் கொடுத்தால் நடக்காது.

விடிந்ததுமே பறிக்கக் கை துறுதுறுக்கும். அந்த நேரத்தில் பால் அதிகம், வெயில் ஏறட்டும். மாமரம் முந்திரியின் குடும்பம் என்பதால் பால் பட்டால் சிலருக்குத் தோல் புண்ணாகும். முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பட்டுவிட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.