அரத்தை எடுப்பதற்கு முன்: பழைய டெலி லென்ஸுக்கு டெலிகன்வெர்ட்டரைத் திருத்துகிறவர்கள் செய்யும் தவறுகள்

சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்துக் கண்மாய்க் கரையில் நின்று 300 எம்எம் லென்ஸில் பார்த்தால் நத்தைகுத்தி நாரை தெரியும். மூடிய அலகின் நடுவில் விட்டிருக்கும் சந்து தெரியாது. அந்தச் சந்துதான் அந்தப் பறவைக்கே அடையாளம். பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர், சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டி. அங்கே இன்னும் கிட்டே போய் எடுக்கலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால்தான் காரைக்குடி, திருப்பத்தூர்ப் பக்கம் படம் எடுக்கிறவர்களுக்கு, லென்ஸின் பின்னால் மாட்டிப் படத்தை இன்னும் பெரிதாக்கும் டெலிகன்வெர்ட்டர் மேல் ஒரு கண் இருக்கிறது. கையில் இருப்பது பழைய மேனுவல் டெலி லென்ஸ், அதை வேறு வகைக் கேமராவில் மாட்ட உதவும் ஒரு அடாப்டர் வளையம், ஒரு மிரர்லெஸ் கேமரா பாடி. நடுவில் கன்வெர்ட்டரையும் எப்படியாவது நுழைத்துவிட வேண்டும் என்று அரத்தைத் தேடுகிறோம்.

ஆனால் பணம் வீணாவது பெரும்பாலும் அரத்தைத் தொடுவதற்கு முன்பே, கடையில்தான். பாடிக்குப் பொருந்தும் கன்வெர்ட்டரை வாங்கிவிடுகிறார்கள். வாங்க வேண்டியது லென்ஸின் மவுண்டுக்கான, அதாவது லென்ஸை மாட்டும் வாயின் அமைப்புக்கான, கன்வெர்ட்டர். முதலில் லென்ஸ், அதன் பின்னால் கன்வெர்ட்டர், பிறகு அடாப்டர், கடைசியில் பாடி என்ற வரிசையே சரி. நிக்கான் இசட் கன்வெர்ட்டரை, பழைய எஃப் லென்ஸை இசட் பாடியில் மாட்டும் எஃப்டிஇசட் அடாப்டரோடு சேர்க்க முடியாது என்று நிக்கானே சொல்கிறது. கேனானில் கன்வெர்ட்டருக்கு எக்ஸ்டெண்டர் என்று பெயர். அதன் ஆர்எஃப் எக்ஸ்டெண்டரும் அடாப்டரில் மாட்டிய பழைய இஎஃப் லென்ஸுக்கு ஆகாது. அவற்றின் முன்கண்ணாடி வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். அதற்கு இடம் விட்டுச் செய்த குறிப்பிட்ட சில லென்ஸ்களுக்கு மட்டுமே அவை பொருந்தும். அடாப்டரின் உள்வளையத்தை லேத்தில் கடைந்து இடம் உண்டாக்கலாம் என்று சிலர் இறங்குகிறார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கூலிக்கு லென்ஸுக்கு ஏற்ற பழைய கன்வெர்ட்டர் ஒன்றைத் தேடி வாங்குவது மேல்.

அடுத்தது அடாப்டர் வளையத்தின் தடிப்பு. இதில்தான் நான் பலரோடு மல்லுக்கு நிற்கிறேன், ஏனென்றால் அளக்காமலே வேலையைத் தொடங்கிவிடுகிறார்கள். மவுண்டிலிருந்து சென்சார் வரையுள்ள தூரம் ஒவ்வொரு வகை மவுண்டுக்கும் வேறு. நிக்கான் எஃப் 46.5 மில்லிமீட்டர், எம்42 திருகு மவுண்ட் 45.46, கேனான் இஎஃப் 44, சோனி இ 18. எம்42 லென்ஸை இஎஃப் கன்வெர்ட்டரில் ஏற்ற 1.46 மில்லிமீட்டர் இடம் மிச்சம் இருக்கிறது, வளையம் போட்டுக்கொள்ளலாம். அதே லென்ஸை நிக்கான் கன்வெர்ட்டரில் ஏற்றினால் இடம் பற்றாது, தூரத்துப் பொருள் ஃபோக்கஸ் ஆகாது. அதைச் சரிக்கட்ட உள்ளே கண்ணாடி வைத்த அடாப்டரை விற்கிறார்கள். அந்தக் கண்ணாடியே ஒரு சின்ன கன்வெர்ட்டர் மாதிரிதான். ஒன்றின் மேல் இன்னொன்றை அடுக்கினால் படம் பாலாடை படிந்ததுபோல் ஆகும்.

தடிப்பு கூடினால் எவ்வளவு தூரம் பறிபோகும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு. லென்ஸின் ஃபோக்கல் நீளத்தை அதே எண்ணால் பெருக்கி, கூடுதல் தடிப்பால் வகுத்துப் பாருங்கள். 300 எம்எம் லென்ஸுக்கும் கன்வெர்ட்டருக்கும் நடுவில் 1 மில்லிமீட்டர் கூடினால் 90,000 மில்லிமீட்டர், அதாவது சுமார் 90 மீட்டருக்கு அப்பால் எதுவும் துல்லியமாக வராது. கேனான் எக்ஸ்டெண்டரின் துருத்திய கண்ணாடி இடிக்கிறதே என்று நடுவில் கண்ணாடி இல்லாத வெற்று வளையமான எக்ஸ்டென்ஷன் டியூப் ஒன்றை, 12 எம்எம் தடிப்பில், போடுகிறார்களே, அந்தக் கணக்கையும் போடுங்கள்: ஏழரை மீட்டர். முற்றத்துத் தூணில் வந்து உட்காரும் சிட்டுக்குருவிக்கு அது போதும். கண்மாய் நடுவே கருவேல மரத்தில் இருக்கும் நாரைக்குப் போதாது.

அதே ஒரு மில்லிமீட்டர் கன்வெர்ட்டருக்குப் பின்னால், பாடிப் பக்கம் கூடினால் பாதிப்பு குறைவு. இரண்டு மடங்கு பெரிதாக்கும் 2எக்ஸ் கன்வெர்ட்டரில் அது நான்கில் ஒரு பங்காகவும், 1.4எக்ஸில் ஏறக்குறைய பாதியாகவும்தான் லென்ஸுக்குத் தெரியும். ஆகவே அளவில் கறாராக இருக்க வேண்டிய இடம் கன்வெர்ட்டரின் முன்பக்கம். நம் அரம் போகும் இடமும் அதுதான். வெர்னியர் காலிப்பர் இல்லையென்றால் லேத் பட்டறையில் கேட்டால் தருவார்கள். அடாப்டரைச் சுற்றி நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். நான்கும் ஒன்றுபோல் இல்லாவிட்டால் அந்த அடாப்டரை ஒதுக்கிவிடுங்கள். முன்பக்கத்தில் ஒரு சாய்வு இருந்தால் கன்வெர்ட்டர் அதையும் பெருக்கித்தான் சென்சாருக்கு அனுப்பும்.

இனி அரத்துக்கு வருகிறேன். நிக்கானின் டிசி-14இ வகைக் கன்வெர்ட்டர்களில், லென்ஸ் பக்க மவுண்டில் ஒரு சிறு நாக்கு கூடுதலாக நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளேயே ஃபோக்கஸ் மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ், ஏஎஃப்-ஐ லென்ஸ்களில் அதற்கு இடம் உண்டு. பழைய மேனுவல் லென்ஸ்களில் இல்லை, எனவே ஏறாது. அந்த நாக்கை அராவிவிட்டால் பழைய 300 எம்எம் லென்ஸும் ஏறும்.

நான் முதல் கன்வெர்ட்டரை அராவியபோது மவுண்ட் வளையத்தைக் கழற்றவில்லை. கண்ணாடி மேல் துணியை அடைத்துவிட்டு, அது போதும் என்று நினைத்தேன். மாவு மாதிரி இருந்த உலோகத்தூள் துணியைத் தாண்டிக் கண்ணாடி ஓரத்தில் இறங்கியது. ஊதியதும் இன்னும் உள்ளே போனது. துடைத்தபோது பூச்சில் கீறல் விழுந்தது. இன்றும் எதிர்வெயிலில் அந்தக் கீறல் படத்தில் வெள்ளைப் பூச்சியாகத் தெரிகிறது. இரண்டாவதை எடுத்துக்கொண்டு எங்கள் தெருவில் நகை வேலை செய்யும் பத்தரிடம் போனேன். வளையத்தை மட்டும் தனியாகக் கழற்றிக் கொடுத்தேன். அவர் முதலில் மடியில் துணியை விரித்தார். பொன்தூள் ஒரு துணுக்குக்கூடச் சிந்தக் கூடாது என்று பழகிய கை அது. “தம்பி, தள்ளும்போதுதான் அரம் கடிக்கும். இழுக்கும்போது அழுத்துனா பல்லுதான் மழுங்கும்” என்றார். ஐந்து நிமிடத்தில் நாக்கு போய்விட்டது, பக்கத்து விளிம்பில் ஒரு கோடு விழவில்லை. வளையத்தை மண்ணெண்ணெயில் அலசி, தூரிகையால் தேய்த்து, வெயிலில் காயவைத்துத்தான் திருப்பி மாட்டினேன்.

கழற்றும்போது இரண்டு விஷயத்தில் கவனம் வேண்டும். ஜப்பான் கம்பெனிகளின் திருகுத் தலை ஜேஐஎஸ் வகை. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் அதில் வழுக்கித் தலையைத் தின்றுவிடும். ஜேஐஎஸ் டிரைவரே வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, வளையத்துக்கு அடியில் காகிதம்போல மெல்லிய தகடு இருக்கலாம். தொழிற்சாலையில் அளவு பார்த்து வைத்தது அது. குப்பை என்று எறிந்துவிட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் பொய்யாகும். கழற்றுவதற்கு முன்பே வளையத்தின் நிலையைப் படம் எடுத்து வைப்பது நல்லது. மின்முனைகளின் ரிப்பன் ஒயரை இழுக்காதீர்கள்.

அந்த நாக்கு வெறும் வியாபாரத் தந்திரம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பின்கண்ணாடி துருத்திய லென்ஸ்கள் கன்வெர்ட்டரின் கண்ணாடியில் மோதாமல் தடுப்பதும் அதுதான். அராவிய பிறகு காவல் உங்கள் கையில். எந்த லென்ஸுக்காகத் திருத்தினீர்கள் என்று கன்வெர்ட்டரின் மேலேயே பெயின்ட்டால் எழுதிவிடுங்கள். உங்களிடம் இரவல் வாங்குகிறவருக்கு இந்தக் கதையெல்லாம் தெரிந்திருக்காது.

கேனான்காரர்கள் எக்ஸ்டெண்டரின் மூன்று கூடுதல் மின்முனைகளை டேப் ஒட்டி மறைப்பார்கள். எக்ஸ்டெண்டர் இருப்பதே பாடிக்குத் தெரியாமல் செய்து ஆட்டோஃபோக்கஸை ஓடவைக்கும் பழைய வழி அது. செல்லோடேப் மட்டும் வேண்டாம். சிவகங்கை வெயிலில் காருக்குள் வைத்த பையில் அதன் பசை இளகி மின்முனையெல்லாம் பிசுபிசுக்கும். கேப்டான் (Kapton) டேப் சூட்டைத் தாங்கும். டேப் ஒட்டியபின் பாடி அதை 300 எம்எம் என்றே நம்பும் என்பதை மறக்காதீர்கள். மேனுவல் லென்ஸிலும் இதே சிக்கல் வரும். ஆட்டத்தைச் சமாளிக்கும் ஸ்டெபிலைசேஷனுக்கு ஃபோக்கல் நீளத்தை நீங்கள்தான் தட்ட வேண்டும், அப்போது 1.4எக்ஸ் மாட்டியிருந்தால் 420 என்று தட்டுங்கள். 300 என்று விட்டால் ஆட்டம் முழுதாக அடங்காது.

1.4எக்ஸ் ஒரு ஸ்டாப் வெளிச்சத்தையும் (அதாவது பாதியை) 2எக்ஸ் இரண்டு ஸ்டாப்பையும் எடுத்துக்கொள்ளும், இது எல்லோருக்கும் தெரிந்தது. பலர் விட்டுவிடுவது கானலை. காலை ஒன்பது மணிக்குமேல் செம்மண் பொட்டலின் மேல் காற்று நெளிய ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் எடுத்துவிட்டு கன்வெர்ட்டர் சரியில்லை என்று மறுபடியும் பிரித்தவர்களை எனக்குத் தெரியும்.

சோதனையை விடியற்காலையில் வையுங்கள். சமமான சுவரில் நான்கு மூலைக்கும் நடுவுக்கும் செய்தித்தாள் ஒட்டி, லென்ஸின் சொந்தக் காலில் ட்ரைபாடை மாட்டி எடுங்கள். பாடியின் காலில் மாட்டினால் மொத்தக் கனமும் அடாப்டரில் தொங்கும். முதலில் கன்வெர்ட்டர் இல்லாமல் ஒரு படம், பிறகு மாட்டி ஒரு படம். ஒரு மூலை மட்டும் மங்கினால் கேமராவோடு சேர்த்து எல்லாவற்றையும் தலைகீழாகத் திருப்பி இன்னொரு படம் எடுங்கள். மங்கல் படத்தின் அதே மூலையிலேயே நின்றால் மவுண்ட் சாய்ந்திருக்கிறது, பிரித்துத் தகட்டைப் பார்க்க வேண்டும். எதிர் மூலைக்கு மாறினால் கனத்தில் ஏதோ ஒரு இணைப்பு தொய்கிறது. அப்போது முதலில் திருகுகளை இறுக்கிப் பாருங்கள்.