லாரியிலிருந்து இறங்கி அஸ்திவாரம் ஏறும்வரை: புது புளோயரை நாமே கெடுத்துக்கொள்ளும் விதங்கள்

புதிதாக வாங்கிய புளோயரை, அதாவது காற்றைத் தள்ளும் பெரிய ஆலை விசிறியை, முதல்நாள் ஓட்டுகிறோம். அதிர்வு அதிகம், பேரிங்கில் சத்தம். உடனே எல்லோரும் செய்துகொடுத்த கம்பெனியைத்தான் திட்டுவார்கள். கோவை, திருப்பூர் பக்கம் நூற்பாலை, டையிங் யூனிட் என்று காற்றோட்டக் கருவிகளை நிறுவும் வேலையில்தான் என் காலம் போகிறது. பிரித்துப் பார்த்தால், பல சமயம் அந்தக் கருவி கம்பெனியிலிருந்து நல்லபடியாகத்தான் கிளம்பியிருக்கும். லாரியிலிருந்து இறங்கிய நாளுக்கும் அஸ்திவாரத்தில் ஏறிய நாளுக்கும் நடுவில் கெட்டிருக்கும். அந்த இடைப்பட்ட காலத்தில் அதற்கு ஆளே கிடையாது. பர்ச்சேஸுக்கு பில் வந்துவிட்டது, ஸ்டோர்ஸுக்கு எண்ணிக்கை சரி, அதை நிறுவும் எரெக்ஷன் ஆள் இன்னும் வரவில்லை.

கையெழுத்துப் போடும் முன்

லாரி எப்போதும் ராத்திரி ஒன்பதரைக்குத்தான் வரும். டிரைவருக்கு அடுத்த லோடு காத்திருக்கும். கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் எல்ஆர் (லாரி ரசீது) காப்பியில் கையெழுத்துப் போட்டு சீல் குத்திவிடுவார். காலையில் பார்த்தால் புளோயர் கேசிங்கின் (வெளிக்கூட்டின்) ஒரு பக்கம் உள்வாங்கியிருக்கும். இப்போது யாரைக் கேட்பது? காகிதத்தில் "நல்ல நிலையில் பெறப்பட்டது" என்றுதானே இருக்கிறது.

சரக்கு லாரியில் இருக்கும்போதே நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், கட்டிய கயிறும் தெரியவேண்டும். பெட்டி உடைந்திருந்தாலோ தகடு நசுங்கியிருந்தாலோ, எல்ஆர் காப்பியிலும் டெலிவரி சலானிலும் அதை எழுதிவிட்டு அதற்குக் கீழே கையெழுத்துப் போடுங்கள். "சோதனைக்கு உட்பட்டு" என்று மொட்டையாக எழுதுவதால் பெரிய பயன் இல்லை. எங்கே, எவ்வளவு நசுங்கல் என்று இருக்கவேண்டும். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி, சேதத்துக்காக லாரி கம்பெனி மேல் வழக்குப் போடவேண்டுமானால், சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் எழுத்துமூலம் நோட்டீஸ் கொடுத்திருக்க வேண்டும். பெட்டியைப் பிரிக்காமலே ஏழு மாதம் ஸ்டோர்ஸில் போட்டுவைத்தால் அந்த வழி தானாக அடைபட்டுவிடும்.

பிரித்ததும் முதல் வேலை, உள்ளே சுற்றும் இறக்கைச் சக்கரமான இம்பெல்லரைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பது. எங்காவது உரசுகிறதா என்று காதைக் கொடுங்கள். பின்பக்கம் சாய்ந்த இறக்கை வைத்த இம்பெல்லரில், அதற்கும் காற்று நுழையும் கோனுக்கும் நடுவே சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. சுற்றிலும் அது ஒரே அளவாக இருக்கவேண்டும். ஒரு பக்கம் விரல் நுழைந்து மறுபக்கம் காகிதம்கூட நுழையவில்லை என்றால், கேசிங்கோ ஷாஃப்டோ (அச்சுத்தண்டோ) வழியில் அடிவாங்கியிருக்கிறது.

அடுத்தது திசை. வலச்சுற்றா இடச்சுற்றா, காற்று வெளியேறும் வாய் மேல்நோக்கியா பக்கவாட்டிலா என்று டிராயிங்கோடு ஒத்துப் பாருங்கள். சுற்றும் திசையை மோட்டார் அல்லது புல்லி இருக்கும் பக்கம் நின்று பார்க்கவேண்டும், காற்று நுழையும் பக்கமிருந்து அல்ல. இதில் குழம்பி, சரியான புளோயரைத் திருப்பி அனுப்பியவர்களும் உண்டு, தப்பானதை வாங்கி வைத்துக்கொண்டவர்களும் உண்டு. ஒரே சைஸில் நாலு புளோயர் வந்தால், எந்த இம்பெல்லர் எந்தக் கேசிங்குக்கு என்று குத்தியிருக்கும் நம்பரைக் குறித்துவையுங்கள்.

அப்புறம் அந்தச் சின்னப் பெட்டி. புல்லி, பெல்ட் கார்டு, அஸ்திவார போல்ட், அதிர்வு தாங்கும் ஸ்பிரிங் எல்லாம் அதில்தான் வரும். தொலைவதும் அதுதான். பேக்கிங் லிஸ்டை வைத்து எண்ணிப் பூட்டிவிடுங்கள்.

தூக்குகிற இடம்

ஹைட்ரா கிரேன் ஓட்டுபவருக்கு எது வாகாகத் தெரிகிறதோ அங்கே, தூக்கும் பட்டையான பெல்ட் ஸ்லிங்கைச் சுற்றிவிடுவார். ஷாஃப்டில் மாட்டுவார்கள், வாய் விளிம்பான ஃபிளேன்ஜில் மாட்டுவார்கள். மோட்டார் தலையில் இருக்கும் வளையம் வைத்த ஐபோல்டைப் பார்த்தால் கேட்கவே வேண்டாம், கொக்கி நேராக அதற்குத்தான் போகும். அந்த ஐபோல்ட் மோட்டாரை மட்டும் தூக்குவதற்கு. 300 கிலோ மோட்டாருக்காக வைத்ததில் மொத்த செட்டையும் தொங்கவிட்டால், அறுந்து விழாவிட்டாலும் மோட்டாரின் பாதம் இழுபட்டு, மோட்டாரும் புளோயரும் நேராக நிற்கும் அலைன்மெண்ட் போய்விடும். தூக்கவென்றே கேசிங்கிலும் பேஸ் ஃபிரேமிலும் காது வைத்திருப்பார்கள். அதில் மட்டும் மாட்டுங்கள்.

ஸ்லிங்கின் கோணம் பற்றி ஒரு கணக்கு. 2 டன் செட்டை இரண்டு கால் ஸ்லிங்கில் தூக்குகிறோம். கால்கள் தரைமட்டத்துக்கு 60 டிகிரியில் இருந்தால் ஒவ்வொன்றிலும் சுமார் 1.15 டன் விழும். ஸ்லிங் குட்டையாக இருந்து கோணம் 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால், ஒவ்வொரு காலும் முழு 2 டன்னை இழுக்கும். அதோடு, படுத்த ஸ்லிங் கேசிங்கை இரண்டு பக்கமும் உள்நோக்கி நெரிக்கும். 3 மில்லிமீட்டர் தகடு அதற்குத் தாங்காது. நீளமான ஸ்லிங் அல்லது நடுவே ஒரு குறுக்குக் கம்பி, இரண்டில் ஒன்று போதும்.

டையிங் யூனிட்டுக்கு வரும் எஃப்ஆர்பி (கண்ணாடி நார் சேர்த்த பிளாஸ்டிக்) புளோயரும், காற்றுக் குழாயான டக்ட்டும் வேறு ரகம். தகடு அடிபட்டால் நசுங்கி நமக்குச் சொல்லிவிடும். எஃப்ஆர்பி வெளியே ஒன்றும் காட்டாமல், உள்பக்கம் நட்சத்திரம்போல விரிசல் விட்டிருக்கும். ஆசிட் புகை அதன் வழியாக நாருக்குள் இறங்கும்போதுதான் தெரியும். டார்ச் அடித்து உள்ளே பாருங்கள்.

சும்மா கிடக்கும்போதுதான் பேரிங் தேய்கிறது

சொன்னால் நம்பமாட்டார்கள். ஓடாத பேரிங் எப்படித் தேயும்?

ஒரு ஆலையில் 45 கிலோவாட் புளோயர் ஒன்றை, கட்டட வேலை இழுத்ததால் ஏழு மாதம் வைத்திருந்தார்கள். நல்ல இடம்தான், கூரை உண்டு, மழை படாது. ஸ்டோர் கீப்பர் பெருமையாகக் காட்டினார்: "தார்ப்பாய் போட்டு இறுக்கிக் கட்டிட்டோமுங்க, ஒரு தூசி போகாதுங்க." சுவருக்கு அந்தப்பக்கம் தறி ஷெட். இருபத்துநாலு மணி நேரமும் தறி ஓடிக்கொண்டிருந்தது. ஓட்டிய அன்றே பேரிங்கில் கரகரவென்று சத்தம். பிரித்துப் பார்த்தோம். வெளி வளையத்தின் அடிப்பாதியில், ரோலருக்கு ரோலர் என்ன இடைவெளியோ அதே இடைவெளியில் வரிவரியாகப் பள்ளம், ஏணிப்படி மாதிரி. தரைவழியாக வந்த தறியின் அதிர்வில் ரோலர்கள் நின்ற இடத்திலேயே துளித்துளியாக ஆடியிருக்கின்றன. அந்த ஆட்டத்தில் நடுவிலிருந்த கிரீஸ் ஒதுங்கிப்போய், இரும்பும் இரும்பும் உரசித் தேய்ந்திருக்கின்றன. மோட்டாரை ஒருமுறைகூட ஓட்டாமலே ஒரு பேரிங்கின் ஆயுள் முடிந்திருந்தது.

இதற்குச் செலவில்லாத மருந்து உண்டு. மாதம் ஒருமுறையாவது ஷாஃப்டைக் கையால் பத்துப் பதினைந்து சுற்று சுற்றி, முன்பு நின்ற இடத்திலிருந்து கால் சுற்று தள்ளி நிறுத்துங்கள். ஷாஃப்டின் முனையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டால் எங்கே நின்றது என்று தெரியும். இப்படிச் சுற்றுவதால் கிரீஸ் மறுபடி பரவும், கனமான இம்பெல்லர் ஒரே பக்கம் தொங்கி ஷாஃப்ட் வளைவதும் குறையும். கம்ப்ரஸர், தறி, பிரஸ் ஓடும் இடத்துக்குப் பக்கத்தில் வைக்கவே வேண்டாம்.

மாதக்கணக்கில் வைப்பதாக இருந்தால், பேரிங் உட்காரும் கூடான பிளம்மர் பிளாக்கை கிரீஸால் நிரப்பிவையுங்கள், ஈரம் புக இடமிருக்காது. ஆனால் ஓட்டும் முன் அதிகப்படியானதை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் சூடேறும். கம்பெனி போட்டது என்ன கிரீஸ் என்று கேளுங்கள். லித்தியம் கிரீஸும் பாலியூரியா கிரீஸும் ஒன்றோடொன்று சேராது.

பெல்ட் மாட்டி வந்திருந்தால் இறுக்கத்தைத் தளர்த்திவிடுங்கள். இன்னொன்று: பக்கத்தில் வெல்டிங் நடக்கும்போது அதன் எர்த் கிளாம்பைக் கைக்கு எட்டியதென்று இந்த பேஸ் ஃபிரேமில் மாட்டிவிடுவார்கள். கரண்ட் பேரிங் வழியாகப் போனால் ரோலரிலேயே பொறி விழுந்து குழியாகும்.

தார்ப்பாய் என்னும் நண்பன்

தார்ப்பாயை இறுக்கிக் கட்டுவது நல்லது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். பகலில் வெயில், ராத்திரி குளிர். உள்ளே அடைபட்ட காற்றின் ஈரம் தகட்டில் வியர்வையாக இறங்கும், வெளியேற வழியிருக்காது. மேலே சாய்வாகப் போட்டு, அடியில் காற்றுப் போக இடம் விடுங்கள். அடியில் மரக்கட்டை கொடுத்து, தரையிலிருந்து அரை அடியாவது உயர்த்துங்கள். கட்டைகள் ஒரே மட்டத்தில் இருக்கவேண்டும், இல்லையென்றால் பேஸ் ஃபிரேம் முறுக்கிக்கொள்ளும்.

வெட்டவெளியில் வாய் மேலே பார்த்த புளோயரை மூடாமல் விட்டால் ஐப்பசி மழை முழுவதும் கேசிங்குக்குள் தொட்டிபோல் நிற்கும். இம்பெல்லரின் கீழ்ப்பாதி தண்ணீரில், மேல்பாதி காற்றில். மூழ்கிய பக்கம் மட்டும் துரு ஏறி எடை மாறும். கம்பெனியில் கிராம் கணக்கில் பேலன்ஸ் செய்து அனுப்பியது அதோடு போச்சு. வாய்களைப் பிளைவுட் போட்டு மூடுங்கள். கேசிங்கின் அடியில் டிரெயின் பிளக் இருந்தால் திறந்தே இருக்கட்டும்.

ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) டக்ட் துண்டுகளை ஒன்றுக்குள் ஒன்றாக, தகடுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால், நடுவே புகுந்த தண்ணீர் காயாமல் வெள்ளை மாவுபோலத் துரு பிடிக்கும். துத்தநாகத்துக்குக் காற்றுப் பட்டால்தான் காப்புப் படலம் உருவாகும், காற்றில்லாத ஈரம் அதைத் தின்றுவிடும். நடுவே மரப்பட்டி வைத்து, தண்ணீர் வடிய ஒரு பக்கம் சாய்த்து வையுங்கள். எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) டக்ட்டை இரும்பு ரேக்கில் வைக்காதீர்கள். பக்கத்தில் இரும்பைக் கிரைண்ட் செய்தால், அந்தப் பொறி வந்து ஒட்டிய இடமெல்லாம் புள்ளிபுள்ளியாகத் துருவேறும்.

மின்சாரச் சமாச்சாரங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மோட்டாரில் ஈரம் பிடிக்காமல் காக்கும் ஸ்பேஸ் ஹீட்டர் இருந்தால் அதற்குத் தற்காலிக கனெக்ஷன் கொடுங்கள். ஓட்டும் முன் 500 வோல்ட் மெகரில் (இன்சுலேஷனை அளக்கும் கருவியில்) பாருங்கள், சாதாரண 415 வோல்ட் மோட்டாருக்கு 5 மெகாஓமுக்குக் கீழே இருந்தால் காயவைக்காமல் ஓட்டவேண்டாம். மோட்டாரின் வேகத்தை மாற்றும் விஎஃப்டியைக் கழற்றிவிட்டு மெகர் வையுங்கள். அந்த விஎஃப்டியே ஒரு வருடத்துக்கு மேல் கரண்டில்லாமல் கிடந்திருந்தால், எடுத்த எடுப்பில் முழு வோல்டேஜ் கொடுக்காமல், அதன் கெப்பாசிட்டர்களை மேனுவலில் உள்ளபடி மெதுவாக உயிர்ப்பியுங்கள். நுண்தூசியைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் இருந்தால், மடிப்புகள் செங்குத்தாக நிற்கும்படி அட்டைப்பெட்டியில் உள்ள அம்புக்குறியைப் பார்த்து வையுங்கள். மாட்டும் நாள்வரை பெட்டியைத் திறக்காதீர்கள். உள்ளே எப்படி இருக்கிறது என்று விரலால் அமுக்கிப் பார்க்க எல்லோருக்கும் ஓர் ஆசை வரும்.

பர்ச்சேஸ் ஆர்டரில் உத்தரவாதம் எப்படி எழுதியிருக்கிறது என்று இப்போதே பார்த்துவிடுங்கள். "ஓட்டிய நாளிலிருந்து 12 மாதம் அல்லது அனுப்பிய நாளிலிருந்து 18 மாதம், எது முந்தியோ அது" என்பது நம் ஊரில் வழக்கமான வாசகம். வைத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் அதிலிருந்துதான் கழிகிறது. அதனால் கருவியிலேயே ஓர் அட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, என்றைக்கு ஷாஃப்டைச் சுற்றினோம், மெகர் எவ்வளவு காட்டியது என்று தேதியோடு எழுதச் சொல்கிறேன். பிறகு பேரிங் போய்விட்டால், கம்பெனிக்காரர் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.

கடைசியாக, அஸ்திவாரத்தில் ஏற்றுவதற்கு முன்னால் டார்ச்சோடு கேசிங்குக்குள் தலையை விட்டுப் பாருங்கள். குளவிக்கூடும் எலி வளையும் சாதாரணம். போன வருடம் ஒன்றில் நான் எடுத்தது ஒரு ஜோடி கையுறை, பாதி சிமெண்ட் சாக்கு, யாரோ மதியம் நிழலுக்கு உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மறந்துபோன டிபன் பாக்ஸ்.