நாணயமா, துரு ஆணியா: பீப் ஒலியைப் பிரித்தறிந்த விதம்

மெட்டல் டிடெக்டர் தெளிவாகப் பீப் அடித்த இடத்தில் தோண்டினாலும் துரு ஆணியே வந்தது. தீர்த்துவைத்தது 90 டிகிரிச் சோதனைதான். சத்தம் வந்த இடத்தின் மேல் காயிலை, அதாவது டிடெக்டரின் அடியில் உள்ள தட்டை, ஆட்டுங்கள். பிறகு கால் வட்டம் நகர்ந்து நின்று மறுபடி ஆட்டுங்கள். தட்டையாகப் படுத்த நாணயம் வட்டமானது, அதனால் இரு திசையிலும் ஒரே ஒலி. ஆழம் குறைவென்றால், உலோக வகையைக் காட்டும் திரையின் எண்ணும் அதிகம் குதிக்காது. ஆணியோ ஒரு திசையில் கூர்மையாக ஒலித்து, மறு திசையில் உடையும் அல்லது இடம் நகரும்.

சோடா மூடிதான் பெரிய ஏமாற்று. அது நாணயம் போலவே ஒலிக்கும். காயிலைத் தரையோடு மெல்லப் பின்னுக்கு இழுத்தால் காயிலின் முன் விளிம்பில் இரும்பின் உறுமல் பெரும்பாலும் வெளிப்படும். செங்குத்தாக நிற்கும் நாணயம் இரட்டைப் பீப் தரலாம், அதை விட்டுவிடாதீர்கள். இரும்பின் ஒலியை அடக்கும் டிஸ்கிரிமினேஷன் அமைப்பை அதிகம் கூட்டாதீர்கள்; ஆணிக்கு அருகில் கிடக்கும் நாணயமும் சேர்ந்து ஊமையாகிவிடும்.