அட்டைக் குழாய் சப்வூஃபர்: கோளாறு அட்டையில் இல்லை

கான்கிரீட் தூண் வார்க்கப் பயன்படும் தடித்த அட்டைக் குழாயில் சப்வூஃபர் (பேஸ் எனும் கனத்த தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கர் பெட்டி) செய்யலாம் என்றால், பலருக்கும் முதலில் எழும் சந்தேகம் "அட்டை தாங்குமா?" என்பதுதான். தாங்கும். உள்ளே காற்றழுத்தம் ஏறி இறங்கும்போது வட்டச் சுவர் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் இழுபடுகிறது. தட்டைப் பலகை மாதிரி நடுவில் புடைத்து அதிர அதற்கு வழியில்லை. ஆனால் இந்தப் பயத்தால் சுவருக்கு உள்ளே சட்டம் அடிப்பதிலும் வெளியே இன்னொரு அட்டை சுற்றுவதிலும் உழைப்பைக் கொட்டிவிட்டு, உண்மையில் கோளாறு வரும் இடங்களைப் பலர் கோட்டை விடுகிறார்கள்.

அந்த இடங்களில் முக்கியமானவை இரண்டு முனைகளிலும் உள்ள மூடிகள். மொத்தப் பெட்டியிலும் தட்டையாக இருப்பவை அவை மட்டும்தான். அதிரப் போவதும் அவைதான். மெல்லிய பலகையை வட்டமாக வெட்டி ஒட்டினால் ஸ்பீக்கரோடு சேர்ந்து அதுவும் பாடும். 18 மி.மீ. எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) அல்லது பிளைவுட்டை இரண்டு அடுக்காகப் போடுங்கள். ஒரு வட்டம் குழாய்க்குள் இறுக்கமாக இறங்க வேண்டும், மற்றது விளிம்பின் மேல் உட்கார வேண்டும்.

வெட்டுவதற்கு முன் உள்விட்டத்தை ஒரே இடத்தில் அளந்து திருப்திப்பட்டுவிடாதீர்கள். படுக்க வைத்திருந்த குழாய் கொஞ்சம் நசுங்கித்தான் இருக்கும். ஒரு பக்கம் 40.4 செ.மீ., குறுக்கே 39.6 செ.மீ. என்று வந்தால் சராசரியை எடுத்து வெட்டுங்கள். பலகை உள்ளே இறங்கும்போது குழாய் தானே வட்டத்துக்கு வந்துவிடும்.

இங்கேயே இன்னொரு பொறி இருக்கிறது. இந்தக் குழாய்கள் பலவற்றில் உள்பக்கம் மெழுகோ பிளாஸ்டிக்கோ பூசியிருப்பார்கள். கான்கிரீட்டே ஒட்டக் கூடாது என்று பூசிய இடத்தில் நம் பசை மட்டும் எப்படி ஒட்டும்? மூடி உட்காரும் அகலத்துக்கு அந்தப் படலத்தை உரித்தோ உப்புத்தாளால் தேய்த்தோ எடுத்துவிட்டுத்தான் பசை போட வேண்டும். காய்ந்ததும் இணைப்பைச் சுற்றி உள்பக்கமாக இன்னொரு வரி பசை இழுத்துவிடுங்கள்.

காற்றுக் கசிவைச் சோதிக்க ஓர் எளிய வழி: போர்ட் (பெட்டிக்குள்ளிருந்து காற்று வந்துபோகும் சிறு குழாய்) வாயை இறுக்கமாக மூடிவிட்டு, கோனை (ஸ்பீக்கரின் அதிரும் கூம்பை) இரண்டு பக்கமும் விரல் வைத்துச் சீராக அழுத்தி விடுங்கள். மெதுவாக வெளியே வந்தால் பெட்டி இறுக்கம். சட்டென்று துள்ளி வந்தால் எங்கோ ஓட்டை. ஒயர் டெர்மினலிலும் திருகாணித் துளைகளிலும் முதலில் தேடுங்கள்.

அடுத்த தவறு, ரம்பத்தைத் தொடும் முன்பே நடந்துவிடுவது. கையில் கிடைத்த ஸ்பீக்கர், கையில் கிடைத்த குழாய், இரண்டையும் சேர்த்தால் பேஸ் வந்துவிடும் என்ற நம்பிக்கை! ஒவ்வொரு டிரைவருக்கும் (பெட்டியில் பொருத்தும் ஸ்பீக்கருக்கும்) எவ்வளவு பெரிய பெட்டி வேண்டும் என்பதைச் சொல்ல அளவுகள் உண்டு. நெவில் தீல் 1961-இலும் ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்திலும் ஆஸ்திரேலியாவில் செய்த ஆய்வுகளால் அவை இருவர் பெயரிலும் வழங்குகின்றன. டிரைவரின் தரவுத்தாளில் எஃப்.எஸ். (டிரைவர் இயல்பாக அதிரும் அதிர்வெண்), க்யூ.டி.எஸ். (அந்த அதிர்வு எவ்வளவு அடங்குகிறது என்பதன் அளவு), வி.ஏ.எஸ். (கோன் தாங்கிகளின் விறைப்புக்குச் சமமான காற்றின் அளவு) என்று இருக்கும். இவை இல்லாத டிரைவரை வாங்காதீர்கள் என்பது என் பிடிவாதம். க்யூ.டி.எஸ். 0.3 முதல் 0.4 வரை என்றால் போர்ட் வைத்த பெட்டிக்கு நன்றாகப் பொருந்தும். 0.5-க்கு மேல் போனால் போர்ட் ஆசையை விட்டுவிட்டு மூடிய பெட்டியாகச் செய்வதே நல்லது.

போர்ட் கணக்கில்தான் நிறையப் பேர் மாட்டிக்கொள்கிறார்கள். 40 செ.மீ. உள்விட்டம், மூடிக்கு மூடி 1 மீட்டர் இடைவெளி என்றால் கொள்ளளவு 125 லிட்டர் சொச்சம். டிரைவரும் போர்ட்டும் பிடிக்கும் இடத்தைக் கழித்தால் 120 லிட்டர் என்று வைத்துக்கொள்வோம். இதை 20 ஹெர்ட்ஸுக்கு டியூன் செய்ய, அதாவது அந்த அதிர்வெண்ணில் போர்ட் காற்று வலுவாக அதிரச் செய்ய, 10 செ.மீ. விட்டமுள்ள போர்ட் சுமார் 41 செ.மீ. நீளம் வேண்டும். இது அழகாக உள்ளே அடங்கிவிடும். ஆனால் ஒலியைக் கூட்டினால் அந்த ஒடுங்கிய வாயில் காற்று 'புஸ் புஸ்' என்று இரையும். போர்ட்டில் காற்றின் வேகம் நொடிக்கு 17 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது பொதுவாகப் பின்பற்றப்படும் வரம்பு.

சரி, 15 செ.மீ. போர்ட் போடலாம் என்றால் நீளம் ஏறக்குறைய 1 மீட்டர் ஆகிவிடுகிறது. குழாயே அவ்வளவுதான்! அந்த போர்ட் 17 லிட்டருக்கு மேல் இடத்தையும் விழுங்கும். அதை ஈடுகட்ட போர்ட் நீளத்தை இன்னும் கூட்ட வேண்டியிருக்கும். இப்போது இரண்டே வழி: குழாயை நீளமாக எடுங்கள், இல்லையென்றால் ஆசையைக் குறையுங்கள். 25 ஹெர்ட்ஸ் போதும் என்று இறங்கி வந்தால் அதே 15 செ.மீ. போர்ட் 60 செ.மீ. சொச்சத்தில் முடிந்துவிடும். உள்வாய்க்கும் எதிரே உள்ள பரப்புக்கும் நடுவே குறைந்தது போர்ட்டின் விட்டம் அளவுக்கு இடம் விடுங்கள்.

குழாயை ரொம்ப நீளமாக எடுப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. 1 மீட்டர் குழாயில் நீளவாக்கில் நிலை அலை (இரு முனைகளுக்கும் நடுவே எதிரொலித்து வலுக்கும் ஒலி) 171 ஹெர்ட்ஸ் பக்கம் வரும். 80 ஹெர்ட்ஸுக்கு மேலான ஒலிகளை சப்வூஃபருக்குப் போகாமல் தடுக்கும் கிராஸ்ஓவர் அதைப் பெரும்பாலும் அடக்கிவிடும். 2 மீட்டர் குழாயில் அது 86 ஹெர்ட்ஸுக்கு இறங்கி, கேட்கும் எல்லைக்குள்ளேயே வந்து நிற்கும். உள்ளே பாலியெஸ்டர் பஞ்சு வைத்தால் ஓரளவு தணியும். பஞ்சு போர்ட் வாயை அடைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரைவரைத் தரை நோக்கிக் கவிழ்த்து வைப்பது இந்த வகைப் பெட்டியில் வழக்கம். எடையால் கோன் எவ்வளவு தொங்கும் என்று யாரும் பார்ப்பதில்லை. எஃப்.எஸ். 20 ஹெர்ட்ஸ் உள்ள டிரைவர் 0.6 மி.மீ. தொங்கும். ஒரு திசையில் 12 மி.மீ. நகரக்கூடிய டிரைவருக்கு அது ஏறக்குறைய 5 சதவீதம். 5 சதவீதத்தைத் தாண்டினால் கவிழ்த்து வைக்க வேண்டாம்.

டியூன் செய்த அளவுக்குக் கீழே உள்ள ஒலிகளில் போர்ட் வைத்த பெட்டி கோனைப் பிடித்து நிறுத்தாது. கோன் தறிகெட்டு ஆடும். மிகத் தாழ்ந்த ஒலிகளைத் தடுக்கும் சப்சோனிக் ஃபில்டர் இல்லாத ஆம்ப்பில் படத்தின் வெடிச் சத்தத்தைப் போட்டுப் பார்ப்பது டிரைவருக்கு வைக்கும் வேட்டு. இரட்டைக் காயில் (இரண்டு கம்பிச்சுருள்) டிரைவராக இருந்தால் இணைப்பையும் பாருங்கள். 4 ஓம் காயில் இரண்டையும் பக்க இணைப்பில் கொடுத்தால் 2 ஓம், தொடரில் 8 ஓம். ஆம்ப் எதைத் தாங்கும் என்பது அதன் பின்புறமே எழுதியிருக்கும்.

கணக்கில் வந்த நீளத்துக்கே போர்ட்டை வெட்டிவிடாதீர்கள். இரண்டு மூன்று செ.மீ. கூடுதலாக விட்டு, தற்காலிகமாகப் பொருத்தி, டோன் ஜெனரேட்டர் ஆப்பில் 30 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொரு ஹெர்ட்ஸாக இறங்குங்கள். கோன் எந்த இடத்தில் மிகக் குறைவாக அசைகிறதோ அதுதான் பெட்டியின் டியூனிங். நினைத்ததைவிடக் கீழே இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிச் சரிசெய்யலாம். குட்டையாக வெட்டிய போர்ட்டை நீட்டுவதுதான் தலைவலி. அளவு சரியாக வந்த பிறகு போர்ட்டைப் பசை போட்டு ஒட்டுங்கள். துணி சுற்றுவது, வண்ணம் அடிப்பது எல்லாம் அதற்கும் அப்புறம்.